இரண்டு வருட அறிவியல்

எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாது. கயிற்றை இரண்டு விரலால் இழுத்தாலும் மேலே வரும். விளிம்பு தண்ணீரைவிட்டு எழும்பிய மறுகணம் தோள்பட்டையைக் கீழே இழுக்கும். ஏழெட்டு வயதிலிருந்து தண்ணீர் இறைத்தவள் நான். இது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இது தெரியும் என்பதே ஒன்பதாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிய வந்தது.

1994ஆம் வருடம். மானாமதுரைக்கும் இளையான்குடிக்கும் நடுவே, கருவேலங்காட்டை ஒட்டி ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அறிவியல் டீச்சர் காலை பஸ்ஸில் மானாமதுரையிலிருந்து வருவார். அன்றைக்கு ஒரு கருங்கல் துண்டை நூலில் கட்டிச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டார். முள் 400 கிராமில் நின்றது. விளிம்புவரை நிரப்பிய செம்புக்குள் கல்லை மெல்ல இறக்கினார். முள் 250க்கு ஏறிக்கொண்டது. செம்பிலிருந்து வழிந்த தண்ணீரைத் தட்டில் பிடித்து அளவுஜாடியில் ஊற்றினோம். 150 மில்லி லிட்டர். கல் இழந்த எடை எவ்வளவோ, வழிந்த தண்ணீரின் எடையும் அவ்வளவு. ஆர்க்கிமிடிஸ் என்ற பெயரை அதுவரை டீச்சர் சொல்லவே இல்லை. பெண்கள் வரிசையைப் பார்த்து, "ஏம்மா, தெனமும் கிணத்துல தண்ணி எறைக்கிறீகளே, வாளி எங்க வந்ததும் கனக்குது?" என்று கேட்டார். பதினேழு பெண்களும் ஒன்றாகக் கை தூக்கினோம். பையன்கள் பக்கம் ஒரு கைகூட எழும்பவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் இறைப்பது பெண்கள் வேலை.

வகுப்பில் ஒரு விஷயத்தை எங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை அன்றைக்குத்தான் முதன்முறையாக வந்தது. அந்தப் பெருமையை இன்றைக்கும் என்னால் உடம்பில் உணர முடிகிறது.

ஒன்பதிலும் பத்திலும் அறிவியல் என்பது ஒரே பாடம். நெம்புகோலும் நுரையீரலும் கந்தக அமிலமும் ஒரே டீச்சர் வாயால் வரும். மேல்நிலையில்தான் அதை இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று கூறு போட்டு, முதல் குரூப், இரண்டாம் குரூப் என்று ஆளுக்கொரு பங்காகக் கொடுப்பார்கள். எனக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை. பத்து முடித்ததும் டவுனில் பெண்கள் பள்ளியில் வணிகவியல் பிரிவில்தான் இடம் என்றார்கள். கணக்குப்பதிவியல் படித்தேன், இன்றுவரை ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆகவே அந்த இரண்டு வருட அறிவியல்தான் யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்த கடைசி அறிவியல். என்னைப்போலப் பத்தாம் வகுப்போடு அறிவியல் முடிந்துபோனவர்கள்தானே நம்மில் ஏராளம்? ஃப்யூஸ் போனால் தடித்த கம்பியைப் போடலாமா, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா, கிரகணத்தன்று அடுப்பு பற்றவைக்கலாமா என்று ஒரு வீடு முடிவெடுப்பது அந்தக் கடைசி அறிவியலை வைத்துத்தான். அதனால்தான் அந்தப் பாடத்தை யாராவது மார்க் கணக்கில் மட்டும் பேசினால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எங்கள் ஆய்வகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருந்த ஒரு இரும்பு பீரோ. அதற்குள் லாட காந்தம் ஒன்று, முப்பட்டகம் ஒன்று, ஸ்பிரிட் விளக்கு, சில சோதனைக் குழாய்கள், மேலே சொன்ன தராசு. லிட்மஸ் தாள் தீர்ந்துவிட்டது. மறுநாள் வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். மஞ்சளைக் கரைத்துத் தாளில் பூசிக் காயவைத்தோம். சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவந்தது. எலுமிச்சைச் சாறு பட்டதும் மறுபடி மஞ்சளானது. "இத உங்க வீட்டுல யாரு செய்வா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஆலாத்தி டீச்சர்" என்றாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவப்பாவது காரத்தின் வேலை. என் அப்பத்தா ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் கரைத்துக் கொடுத்தவர். அன்று சாயந்திரம் அவரிடம் போய்ச் சொன்னபோது, "இதுக்கா பள்ளிக்கொடம் போற?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, எலுமிச்சை பிழிந்தால் நிறம் திரும்புமா என்று ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். திரும்பியது. இன்னொரு சொட்டும் விட்டார்.

சுண்ணாம்புத் தெளிவு நீருக்கும் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிதான் துணை. சுண்ணாம்பைக் கலக்கி ஒரு ராத்திரி தெளியவைத்து, மேல்தண்ணீரைக் குப்பியில் எடுத்துப் போனேன். பப்பாளி இலைக்காம்பை நறுக்கிக் குழாயாக வைத்து ஊதினோம். மூச்சுக் காற்றிலிருக்கும் கரியமில வாயு பட்டுத் தண்ணீர் பாலாக மாறியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் புத்தகத்தில் உள்ளதைப் பார்த்ததாக முடிந்திருக்கும். டீச்சர் "விடாம ஊதுங்க" என்றார். கன்னம் வலிக்க ஊதினோம். பால் கலைந்து தண்ணீர் மறுபடி தெளிந்தது! பாலாகத் தெரிந்த கரையாத கால்சியம் கார்பனேட், கூடுதலான கரியமில வாயுவோடு சேர்ந்து கரையக்கூடிய பைகார்பனேட் ஆகிவிடுகிறது. அந்தத் தெளிந்த தண்ணீரைக் காய்ச்சினால் மீண்டும் வெள்ளையாகப் படியும். எங்கள் வெந்நீர்ப் பானையின் அடியில் பொருக்குத் தட்டியிருப்பதும், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததும், பருப்பு வேகாததும் ஒரே குடும்பத்துச் சங்கதி என்று அன்று விளங்கியது. பருப்பு வேகவில்லை என்று ஏச்சு வாங்கியவர் என் சித்தி. சமையல் தெரியாதவள் என்று பெயர். ஊருணித் தண்ணீரில் போட்டால் வெந்துவிடும் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கியதில்லை.

சித்தியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அவரைத் தொடாமல் அந்த இரண்டு வருடத்தை என்னால் சொல்ல முடியாது.

சித்திக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் மூன்றாவதோ நாலாவதோ பெண்ணாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைப்பதுண்டு. சாமிக்குச் சொல்லும் சேதி அது. அந்தப் பெயரோடு எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். வேண்டாமென்று விடப்படும் பெண் சிசுக்களை ஏற்றுக்கொள்ள 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அப்படியொன்றும் நடக்கவில்லை. ஆனால் மூன்று பெண் பெற்றவள் என்ற சொல் சித்தியின் தலைக்குமேல் எப்போதும் நின்றது. "அவ வயித்துவாகு அப்பிடி" என்பார் அப்பத்தா. கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். மானம் இருட்டியிருக்கிறது என்பதுபோலச் சொல்வார்.

1995இல் சித்தி மறுபடி உண்டானார். அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 24, காலையில் சூரிய கிரகணம். ராஜஸ்தானின் நீம் கா தானாவிலிருந்து வங்காளத்தின் டயமண்ட் ஹார்பர் வரை ஒரு பட்டையில் முழுக் கிரகணம். எங்களுக்குப் பகுதிக் கிரகணம். தூர்தர்ஷனில் நேரடியாகக் காட்டினார்கள்; பேராசிரியர் யஷ்பால் அருகிலிருந்து விளக்கினார். டீச்சர் ஒரு வாரம் முன்பே 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ்களைக் கொண்டுவந்து வகுப்பில் சுற்றுக்கு விட்டிருந்தார். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, அட்டையில் ஊசித் துளை போட்டு அதன் வழியே விழும் பிம்பத்தைப் பாருங்கள் என்று சொல்லி, அளவுக்கு ஒரு கணக்கும் கொடுத்தார். துளையிலிருந்து பிம்பம் விழும் இடம் எவ்வளவு தூரமோ, அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் பிம்பத்தின் அகலம். துளை சதுரமாக இருந்தாலும் முக்கோணமாக இருந்தாலும், அது சிறியதாக இருக்கும்வரை பிம்பம் வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் வடிவம். மரத்தடி நிழலில் கிடக்கும் வட்ட வட்ட வெளிச்சமெல்லாம் சூரியன்கள் என்றார். அதைக் கேட்டபோது ஏற்பட்ட உடல்சிலிர்ப்பு எனக்கு வேறெந்தப் பாடத்திலும் ஏற்பட்டதில்லை. பிறந்ததிலிருந்து வேப்பமர நிழலில் சூரியன்களை மிதித்து விளையாடியிருக்கிறோம்!

கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது. சித்தியை நெல் குதிர் இருந்த இருட்டறையில் பாய் போட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்தினார் அப்பத்தா. துணைக்கு நானும் உள்ளே. வெளியே போய் வேப்பமரத்தடியில் பார்க்க வேண்டும் என்று அத்தனை நாளாகக் காத்திருந்த எனக்கு அழுகை வந்தது. மழைக்காலத்து மேகம் வேறு. சித்தி மௌனமாக என் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்.

மேகம் விலகியது. அந்த ஓட்டு வீட்டில் கிழக்குச் சரிவில் ஒரு ஓடு நழுவி, விரல் நுனி அளவுக்கு இடுக்கு விட்டிருந்தது. அதன் வழியே இறங்கிய வெளிச்சம் குதிருக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைச் சுவரில் விழுந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. வட்டமாக இல்லை. ஒரு ஓரத்தைக் கடித்த அதிரசம்போல இருந்தது.

"சித்தி! அங்க பாருங்க, அதுதான் சூரியன்!"

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டார். வெளிச்சம் அவர் புறங்கையில் ஏறிக்கொண்டது. கையிலும் அதே கடிபட்ட வட்டம். பயந்து கையை இழுத்துக்கொண்டார், பிறகு மெதுவாகத் திரும்ப நீட்டினார். கடி பெரிதாகிப் பருத்த பிறையானதையும், பிறகு மெல்ல மெல்ல வட்டம் கூடியதையும் நாங்கள் இருவரும் கண்கொட்டாமல் பார்த்தோம். இடையில் இரண்டு தடவை மேகம் மறைத்தபோது, "போயிருச்சா?" என்று கேட்டார். கிரகணத்தைப் பார்க்கக்கூடாது என்று அடைத்துவைத்த அறையே ஊசித்துளைக் கேமராவாக இருந்தது. ஊரில் அன்று கிரகணத்தை முழுமையாகவும் பத்திரமாகவும் பார்த்தவர் சித்தியாகத்தான் இருப்பார். கதவு திறந்ததும் அப்பத்தாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. என் கையை ஒரு தடவை அழுத்தினார்.

தை மாதத்தில் மரபு பற்றிய பாடம் வந்தது. கரும்பலகையில் இரண்டு எக்ஸ், பக்கத்தில் ஒரு எக்ஸ் ஒரு ஒய். டீச்சர் புளியங்கொட்டைகளைப் பையிலிருந்து எடுத்தார். தாயம் விளையாட ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அப்படித் தேய்த்தவை பாதி, தேய்க்காதவை பாதி. ஆளுக்கு இரண்டு கொட்டை. தேய்க்காதது அம்மா. எப்படி உருட்டினாலும் கறுப்புத்தான் விழும். அவரிடம் இருப்பது எக்ஸ் மட்டும். ஒரு பக்கம் தேய்த்தது அப்பா. கறுப்பு விழுந்தால் எக்ஸ், வெள்ளை விழுந்தால் ஒய். இரண்டையும் சேர்த்து உருட்டு. இரண்டும் கறுப்பென்றால் பெண், ஒன்று வெள்ளையென்றால் ஆண். வகுப்பில் 42 பேர். ஆளுக்கு நாலு தடவை உருட்டி நோட்டில் குறிக்கச் சொன்னார். அந்த மதியம் பள்ளிக்கூடமே கொட்டை உருளும் சத்தமாகக் கிடந்தது. கடைசியில் எண்ணினோம். மூன்று பேருக்கு நாலும் பெண். இரண்டு பேருக்கு நாலும் ஆண். நாலும் பெண்ணாக விழுந்த மூவரில் ஒருவன் எங்கள் வகுப்புத் தலைவன். அவன் நோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலும் எல்லாம் அக்காக்கள்.

சரியாக அந்த ஜனவரி முதல் தேதியில்தான், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டுசொல்வதைத் தடைசெய்யும் 1994ஆம் வருடச் சட்டம் நடைமுறைக்கு வந்தது என்பதைப் பிற்பாடு படித்தேன். எங்கள் ஊருக்கு அந்தச் சேதி அப்போது வரவில்லை. கொட்டை வந்திருந்தது.

மாசியில் சித்திக்கு நாலாவதும் பெண். பெட்டிக்கடைவரை போயிருந்த சித்தப்பா, சேதி கேட்டு வீட்டுக்கு வராமல் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பத்தா திண்ணையில் காலை நீட்டியபடி, "நான்தான் அப்பவே சொன்னேனே, வயித்துவாகு" என்று ஆரம்பித்தார். எனக்குத் தலைக்கேறியது. "சித்தி வயிறு ஒண்ணும் பண்ணல. ஒய் குடுக்க வேண்டியது சித்தப்பா. அவரு குடுக்கல. அவருதான் காரணம்" என்று கத்திவிட்டேன். வீடு அடங்கிப்போனது. அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்தார். உள்ளே சித்தி அழும் சத்தம் கேட்டது. அவருக்காகப் பேசிவிட்டு அவரையே அழவைத்துவிட்டேன் என்பது புரிந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாராட்டுவார் என்று உள்ளூர ஆசை இருந்தது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தேய்த்த கொட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"வெள்ளை விழணும்னு நெனச்சு உருட்டு."

கறுப்பு விழுந்தது.

"ஏண்டி, நெனச்சேல்ல? ஏன் விழல?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "ஒங்க சித்தப்பாவும் பொறுக்கி எடுக்கலடி. எடுத்து வைக்கவும் முடியாது, தடுத்து வைக்கவும் முடியாது. ஒருத்தர் மேல இருந்த பழியத் தூக்கி இன்னொருத்தர் மேல போடுறதுக்கா இத்தன பாடம் நடத்துனேன்?" இதற்குமுன் விழுந்த மூன்றும் கொட்டைக்கு நினைவிருக்காது, நாலாவது முறையும் பாதிக்குப் பாதிதான் என்று சொல்லிவிட்டு, இரண்டு கொட்டைகளை என் ஜியோமெட்ரி பெட்டியில் போட்டு அனுப்பினார்.

ஆலையில் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, நூலகத்தில் நெட்டி ஸ்டீவன்ஸைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் 1861இல் பிறந்தவர். முதலில் பள்ளிக்கூட ஆசிரியை. பணம் சேர்த்துக்கொண்டு முப்பத்தைந்து வயதில்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். 1905இல் மாவுப்புழுக்களின் செல்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து, பெண்ணுக்கு 20 பெரிய குரோமோசோம்கள், ஆணுக்கு 19 பெரியவையும் ஒரு சிறியதும் என்று கண்டார். அந்தச் சிறியதைச் சுமந்து வரும் விந்தணுதான் ஆணாக்குகிறது என்று எழுதினார். எட்மண்ட் வில்சனும் அதே வருடம் தனியாக வேறு பூச்சிகளை ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார். ஸ்டீவன்ஸ் 1912இல் இறந்துபோனார். மாவில் நெளியும் புழுவை நான் தினமும் பார்க்கிறேன். அதன் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டு, ஒரு காலத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர் உட்கார்ந்திருந்தார் என்று படித்தபோது எனக்கு எங்கள் டீச்சர் முகம்தான் வந்தது. ஸ்டீவன்ஸ் கண்டுசொன்னதற்கும் என் சித்தி மாசிக் குளிரில் பாயில் கிடந்து அழுததற்கும் நடுவே தொண்ணூறு வருடம். ஒரு செய்தி ஒரு திண்ணைக்கு வந்துசேர எத்தனை காலம் பிடிக்கிறது! அதைக் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்பும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவர்களைவிடப் பெரிய ஆட்களாக வேறு யாரையும் என்னால் நினைக்க முடியவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று சாயந்திரம் சித்தியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு கொட்டைகளை எடுத்து விளக்கிச் சொன்னேன். தேய்க்காதது நீங்க, எப்படிப் போட்டாலும் கறுப்பு. தேய்த்தது சித்தப்பா, எது விழும்னு அவருக்கும் தெரியாது. டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை முனகியது, எடுத்துப் பால் கொடுக்க ஆரம்பித்தார். "வச்சிட்டுப் போ ஆத்தா" என்றார்.

நடுச்சாமத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அந்த அறையில் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் எதுவோ உருளும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். மடியில் பிள்ளை தூங்க, சித்தி குனிந்து இரண்டு கொட்டைகளையும் உருட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை விழுந்ததும் அப்பத்தாவின் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டுத் தரையில் ஒரு கோடு. கறுப்புக்கு ஒரு பக்கம், வெள்ளைக்கு ஒரு பக்கம். நான் பார்த்தபோது இரண்டு பக்கமும் கோடுகள் முழ நீளத்துக்கு வளர்ந்திருந்தன. அவர் இன்னும் உருட்டிக்கொண்டிருந்தார்.